டீச்சரின் டைம்ஷேர் வாரத்தை வாடகைக்கு எடுத்த அனுபவம்

பாம்பனில் எங்களுக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி, பழுது பார்த்து, பெயின்ட் அடித்து முடித்தால் மே மாதத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம். அப்பா இதுவரை கொடைக்கானலைப் பார்த்ததில்லை. இந்தத் தடைக்காலத்தில் எப்படியும் கூட்டிப் போய்விட வேண்டும் என்று இருந்தேன். ஆனால் சீசன் நேரத்து லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகவில்லை.

பரமக்குடியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருப்பதாக மாமா சொன்னார். கொடைக்கானல் ரிசார்ட் ஒன்றில் டைம்ஷேர் உறுப்பினர். அதாவது, வருடத்துக்கு ஏழு இரவு அங்கே தங்கும் உரிமை, 25 வருடத்துக்கு. முழங்கால் வலியால் இந்த முறை மலைக்குப் போக முடியாததால், பதிவு செய்த வாரத்தை வாடகைக்கு விடுகிறார். அப்பாவுக்கு டைம்ஷேர் என்றால் என்னவென்று புரியவில்லை. "நம்ம கடல்ல திங்கள், புதன், சனி விசைப்படகு போகுது, மத்த நாள் நாட்டுப்படகு போகுதுல்ல? அந்த மாதிரி ரூம் பொது, நாள் மட்டும் அவங்கவங்களுக்கு" என்றேன். "அப்ப டீச்சர் அவுங்க முறைய நமக்கு விடுறாங்க" என்று சட்டெனப் பிடித்துக்கொண்டார்.

வாடகை ரூ.28,000. உடனே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சில நாள் முன்புதான் முகநூலில் ஒருவர் இதே மாதிரி ஒரு வாரத்தைச் சொல்லி, மாலைக்குள் முழுப் பணமும் வேண்டும் என்று அவசரப்படுத்தினார். பதிவுக் கடிதத்தைக் கேட்டதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ரிசார்ட் எண்ணை நானே தேடி எடுத்துக் கூப்பிட்டேன். உறுப்பினர் விவரத்தை வெளியாளுக்குச் சொல்ல மாட்டோம் என்றார்கள். அது நியாயம்தான். டீச்சரிடம் சொன்னதும், "அதுக்கென்ன தம்பி" என்று என்னையும் சேர்த்து கான்ஃபரன்ஸ் காலில் பேசினார். மூன்று விஷயம் கேட்கச் சொல்லியிருந்தேன். பதிவு உறுதியா? ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருக்கிறதா? வாடகை வாங்கிக்கொண்டு வேறு ஆளை அனுப்ப விதி இடம் கொடுக்கிறதா? கட்டணம் பாக்கி இருந்தால் பதிவே நின்றுபோகலாம். சில நிறுவனங்களில் விருந்தினரை அனுப்பலாம், ஆனால் வாடகைக்கு விடக்கூடாது. மூன்றாவது கேள்விக்கான பதிலை மட்டும் மின்னஞ்சலில் வாங்கித் தாருங்கள் என்று கேட்டேன். டீச்சர் முகம் சுளிக்கவே இல்லை. இரண்டு நாளில் அனுமதி உண்டு என்று பதில் வந்தது, எனக்கும் அனுப்பிவைத்தார்.

அதன் பிறகு பாதிப் பணம். மீதி, சாவி கைக்கு வந்ததும். வெள்ளைத்தாளில் தேதி, தொகை, பயணம் ரத்தானால் யாருக்கு எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

விருந்தினர் கடிதம் ரிசார்ட்டிலிருந்தே வந்தது. எங்கள் நான்கு பேர் பெயரும் இருந்தது. படித்துக்கொண்டே வந்தபோது அப்பாவின் இனிஷியலில் கண் நின்றது. ஆதாரில் 'மு', கடிதத்தில் 'மூ'. குறில், நெடில் வித்தியாசம்தான், இருந்தாலும் வரவேற்பில் அடையாள அட்டையோடு ஒத்துப்பார்ப்பார்கள். டீச்சர் அன்றே திருத்தி வாங்கிக் கொடுத்தார். இங்கே அசட்டையாக இருந்திருந்தால் வத்தலக்குண்டு தாண்டி மலையேறிய பிறகு அலைய வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இ-பாஸ். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வண்டியில் போக அது வேண்டும். இணையத்தில் வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, தேதி கொடுத்தால் கிடைத்துவிடும், பணம் கிடையாது.

அறையில் சின்ன அடுப்படி இருந்தது. சாப்பாடு வாடகையில் சேராது என்று முன்பே கேட்டு வைத்திருந்ததால் அம்மா அரிசி, நெத்திலிக் கருவாடு எல்லாம் கட்டி எடுத்து வந்திருந்தார். அப்பா ஸ்வெட்டரோடு பால்கனியில் போய் நின்றார். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. "கடல் மாதிரியே இருக்கு, சத்தந்தான் இல்ல" என்றார்.

சாவி வாங்கிய பத்தாவது நிமிடத்தில் மீதி ரூ.14,000-ஐ அனுப்பினேன். "வெந்நீர் வருதா தம்பி?" என்று டீச்சர் கூப்பிட்டுக் கேட்டார். வருகிறது என்றேன்.