கல்லாவும் மைக்கும்

ஒலிப்பதிவு படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஒரு சின்ன ஜாஸ் கிளப்பில் சேர்ந்தேன். எண்பது பேர் வந்தால் இடம் நிறைந்துவிடும். பெயருக்கு நான் சவுண்ட் ஆள். கூட்டம் கூடிய இரவுகளில் கிளாஸ் கழுவுவதும் நான்தான். முதலாளி கிளப் நடத்துவதோடு, அங்கே வாசிப்பவர்களைப் பதிவு செய்து இசைத்தட்டும் வெளியிடுவார். இரண்டும் ஒரே தொழில்தானே என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

நுழைவுக் கட்டணத்தில் பெரும்பங்கு வாசிக்கிறவர்களுக்குப் போய்விடும். வாடகை, கரண்ட், எங்கள் சம்பளம் எல்லாம் பார் கல்லாவிலிருந்து வர வேண்டும். கல்லா நிறைய வேண்டுமென்றால் சத்தம் வேண்டும்: ஐஸ் அள்ளுகிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், சிரிப்பு. இசைத்தட்டுக்கு வேண்டியதோ நிசப்தம். பாஸ் என்கிற, தாழ்ந்த சுரம் தரும் பெரிய தந்தி வாத்தியம் தனியாக ஒலிக்கத் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் யாராவது ஐஸ் அரைத்துக் கலக்கும் மார்கரிட்டா மது கேட்பார்கள், மிக்ஸி ஓடும். பதிவு நாட்களில் ஐஸ் மெஷினை அணைத்துவிடுவேன். இரண்டாவது செட் முடிவதற்குள் ஐஸ் தீர்ந்து, பாரில் நிற்கும் பெண் என்னைத் திட்டுவாள். முதலாளியிடம் பஞ்சாயத்துக்குப் போனால் இருவர் சொல்வதும் சரி என்பார். அவருக்குள்ளேயே அந்தச் சண்டை ஓடிக்கொண்டிருந்ததே, பாவம்!

அவர் அடிக்கடி எடுக்கும் பெயர் டாட் பார்கன். பியானோ வாசிப்பவர். தன் குழுவுக்கு வாய்ப்புக் கேட்டு சான் ஃபிரான்சிஸ்கோவின் நார்த் பீச் பகுதியில் இருந்த கீஸ்டோன் கார்னர் கிளப்புக்குப் போனவர், 1972-ல் அந்த இடத்தையே விலைக்கு வாங்கிவிட்டார். பக்கத்திலேயே போலீஸ் ஸ்டேஷன். ஆரம்பத்தில் பீரும் ஒயினும் விற்க மட்டுமே உரிமம். முழு மது உரிமத்துக்குப் பணம் திரட்ட, 1975-ல் ஓக்லாந்து பாரமவுண்ட் தியேட்டரில் கச்சேரி நடந்தது. ராசான் ரோலண்ட் கிர்க், மெக்காய் டைனர் போன்ற பெரிய ஜாஸ் கலைஞர்கள் வந்து வாசித்தார்கள். சாராய உரிமத்துக்காகக் கச்சேரியா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். கல்லாவில் உட்கார்ந்தவருக்கு வராது.

அப்படியும் 1983-ல் கிளப் மூடப்பட்டது. அங்கே பதிவானவை மிஞ்சின. ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் இறந்தது 1980 செப்டம்பர் 15. அந்த மாதத் தொடக்கத்தில் அவர் வாசித்துக்கொண்டிருந்தது கீஸ்டோன் கார்னரில்தான். அந்த இரவுகள் பல ஆண்டுகள் கழித்துப் பெட்டித் தொகுப்புகளாக வந்தன. பார்கன் இசைத்தட்டுத் தயாரிப்பில் பல காலம் இருந்துவிட்டு, 2019-ல் பால்டிமோரில் அதே பெயரில் மறுபடி கிளப் திறந்தார். ஒரு முறை சூடுபட்டவர் எப்படித் துணிந்தாரோ!

அதே எவன்ஸ் 1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் வாசித்த பதிவை முதலாளி ஒருநாள் ஹெட்போனில் கேட்கச் சொன்னார். கிளாஸ் உரசுவது, பேச்சு, சிரிப்பு எல்லாம் நன்றாகவே கேட்கிறது. பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ அடுத்த பதினோராம் நாள் கார் விபத்தில் இறந்துபோனார், 25 வயதில். அன்றைக்கு யார் என்ன குடித்தார்களோ, அந்தக் கிளாஸ்களும் அவரோடு சேர்ந்தே பதிவாகிவிட்டன. அதற்கப்புறம் ஐஸ் மெஷினை மட்டும் அணைப்பேன். கிளாஸ்களோடு மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டேன்.

ஆனால் எங்கள் கல்லா பழைய மாடல், திறந்தால் மணி அடிக்கும். ஒரு பதிவில் மெதுவான பாட்டு அடங்குகிற இடத்தில், பியானோவின் கடைசி சுரம் கரையும்போது, 'டிங்' என்றது. மூன்று நாள் அதை அழிக்கப் பார்த்தேன். மணி எல்லா மைக்கிலும் ஏறியிருந்தது. அதைத் தேய்த்தால் டிரம்ஸில் இருக்கும் சிம்பல் தட்டின் பளபளப்பான ஒலியும் கூடவே போனது. சரி, திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று முதலாளிக்குப் போட்டுக் காட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் மணிச் சத்தத்தில் கண்ணைத் திறந்தார்.

"அது எந்த மேசை?" என்றார்.