டோவர் – கலே: வண்டித் தளத்திலிருந்து

மார்ச் 3

விடுப்பு முடிந்து மறுபடி கப்பலேறியாச்சு. தூத்துக்குடியில் "இங்கிலீஷ் கால்வாயில வேலை" என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குப் பெரிய விஷயம். நான் கடலைப் பார்ப்பதே அபூர்வம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். எங்கள் கப்பல் லாரி, கார்களை ஏற்றிப் போகும் ஃபெர்ரி. என் இடம் அந்த வண்டிகள் நிற்கும் வண்டித் தளம். டீசல் புகை, ட்யூப்லைட், காதோடு ஒட்டிய வாக்கிடாக்கி.

இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்சின் கலேவுக்கு ஒன்றரை மணி நேரம். பயணிகளுக்கு அதுதான் பயணம். எங்களுக்கோ கரையில் கட்டி, வந்ததை இறக்கி, நிற்பதை ஏற்றி, கயிறை அவிழ்க்கும் அந்த முக்கால் மணி நேரம்தான் வேலை. எந்த லாரி எந்த வரிசையில் என்று சீஃப் ஆபீசர் சொல்லச் சொல்ல நாங்கள் கைகாட்டி நிறுத்துவோம். குளிர்பெட்டி லாரிக்கு கரண்ட் பிளக் எட்டும் இடம் வேண்டும். ஆபத்தான சரக்கு என்றால் தனி இடம். கனமெல்லாம் ஒரு பக்கமாக ஏறினால் கப்பல் சாயும். பக்கவாட்டுத் தொட்டித் தண்ணீரை எதிர்ப்பக்கம் பம்ப் அடித்து நிமிர்த்துவார்கள். மீட்டர் காட்டுவதற்கு முன்பே முட்டிக்குத் தெரிந்துவிடும்.

மார்ச் 6

1987-ல் இதே நாள் சாயங்காலம், பெல்ஜியத்தின் ஸீப்ரூகா துறைமுகத்திலிருந்து டோவருக்குக் கிளம்பிய 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற ஃபெர்ரி, வண்டிகள் ஏறும் முன்கதவை மூடாமலே போனது. துறைமுகத்தைத் தாண்டிச் சற்று வேகம் எடுத்ததும் தண்ணீர் உள்ளே வந்து ஒன்றரை நிமிடத்தில் கவிழ்ந்துவிட்டது. 193 பேர் இறந்தார்கள்.

கதவை மூட வேண்டிய உதவி போசன் (போசன் என்றால் தளத்து ஆட்களின் மேஸ்திரி) கேபினில் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. கப்பலை ஓட்டும் மேலறையான பிரிட்ஜில் நின்றால் கதவு கண்ணுக்குத் தெரியாது. மூடியதா இல்லையா என்று காட்ட ஒரு விளக்கு வையுங்கள் என்று கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள். மேலே இருந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அலட்சியம் கம்பெனி முழுக்க ஊறியிருந்தது என்றுதான் விசாரணை அறிக்கையும் சொன்னது. வண்டித் தளத்தில் குறுக்குச் சுவர் கிடையாது. லாரி ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்க வேண்டுமே! அதனால் தண்ணீர் கொஞ்சம் புகுந்தாலும் ஒரே பக்கமாக ஓடிச் சேரும், கப்பல் நிமிராது.

இன்று பிரிட்ஜில் விளக்கும் உண்டு, கேமராவும் உண்டு. இருந்தாலும் கதவு பூட்டியதும் போசன் கொக்கி ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே சொல்கிறார். இன்றைக்கும் அப்படியே.

மார்ச் 7

பனிமூட்டம். ஊதல் சத்தத்தில் தூக்கம் போச்சு. கலேயில் நல்ல வற்றம். நம்மூர்க் கடல் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆறேழு மீட்டர் போகும். கரையிலிருந்து கப்பலுக்கு வண்டி போகிற பாலத்தை எவ்வளவு இறக்கினாலும் சரிவு நிற்கிறது. தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வயிறு உரசிக்கொண்டு போனது. ஓட்டியவர் என்னை முறைத்தார், ஏதோ நான்தான் கடலை வற்ற வைத்த மாதிரி.

மார்ச் 11

தென்மேற்குக் காற்று. லாரிகளுக்கெல்லாம் சங்கிலி. தளத்தில் இருக்கும் வளையத்தில் ஒரு கொக்கி, லாரிச் சட்டத்தில் ஒரு கொக்கி, நடுவில் நெம்புகோலால் இறுக்க வேண்டும். ஈரக் கையுறையோடு பத்து லாரி முடிப்பதற்குள் விரல் மரத்துவிடும். டோவருக்கு வெளியே வந்து சேர்ந்தால் துறைமுகம் மூடியிருந்தது. ஆட்டத்திலேயே காத்திருந்தோம்.

இதில் கார் அலாரம் வேறு. கப்பல் ஆடினால் திருடன் ஆட்டுகிறான் என்று கார் நினைத்துக்கொள்கிறது. ஒன்று அடித்து ஓய்ந்தால் இன்னொன்று ஆரம்பிக்கும். கரை சேரும்போது இரண்டு கார்களுக்கு பேட்டரி காலி. ஒன்று வரிசையின் முதல் வண்டி! பூஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே பக்கவாட்டாக நுழைந்து ஓடினேன்.

மார்ச் 14

ராத்திரி லுக்அவுட் டூட்டி. இந்த ஜலசந்தி மிகக் குறுகும் இடத்தில் 33 கிலோமீட்டர்தான். அதற்குள் ஒரு நாளைக்கு நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள். 1967-ல் உலகத்திலேயே முதன்முதலாகக் கடலில் இங்கேதான் போக வர தனித்தனிப் பாதை பிரித்தார்கள். இங்கிலாந்துப் பக்கம் தென்மேற்கே போகிறவை, பிரான்ஸ் பக்கம் வடகிழக்கே போகிறவை. நாங்கள் இரண்டையும் முடிந்தவரை செங்குத்தாகக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். நாற்கர சாலையை ராத்திரியில் நடந்து கடக்கிற கதைதான்.

பெரிய கப்பலைப் பற்றிக் கவலையில்லை, அது ரேடாரில் தெரியும். கண் வலிக்கத் தேடுவது பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு அகதிகள் ஏறி வருகிற ரப்பர் படகுகளை. விளக்கு இருக்காது, அலைக்கு நடுவே ரேடாரிலும் சரியாக விழாது, ஆனால் உள்ளே பத்து ஐம்பது பேர், குழந்தைகளோடு. நேற்று ஒன்றைப் பார்த்துச் சொன்னோம். கடலோரக் காவல் படகு வந்து ஏற்றிக்கொண்டது. மெஸ்ஸில் சிலர் அதை வைத்து ஜோக் அடித்தார்கள். என்ஜின் ரூம் மணப்பாடு அண்ணன் தட்டோடு எழுந்து போய்விட்டார். நானும் போனேன்.

மார்ச் 16

ஞாயிறு. லண்டனிலிருந்து பாரிஸ் லா ஷப்பெல்லுக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிற வேன். கப்பல் கிளம்பின பிறகு அந்த வீட்டு அம்மா படிக்கட்டுக் கதவருகே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி தமிழோ? எவ்விடம்?"

"தூத்துக்குடிம்மா."

"அப்ப நல்லதாப் போச்சு. சாப்பாட்டுப் பார்சல் வானுக்குள்ள கிடக்கு. ஒருக்காத் திறந்து விடுங்கோ."

ஓட்டத்தில் வண்டித் தளத்துக்கு யாரையும் விட முடியாது. நகர்கிற லாரிக்கு நடுவே மாட்டினால் ஆள் நசுங்கிப்போவார். சொன்னேன். கேட்டுக்கொண்டார், கோபம் போகவில்லை. "தமிழ்ப்பிள்ளை எண்டு பாத்தன்" என்று மட்டும் சொன்னார்.

கலேயில் கதவு திறந்து வரிசை நகர வேண்டிய நேரத்தில் அந்த வேன் நகரவில்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்து ஆளுக்கொரு பார்சலாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற போலந்து லாரிக்காரர் ஹாரனை விடவேயில்லை. வாக்கிடாக்கியில் சீஃப் ஆபீசர், "மூணாவது வரிசைல என்ன?" என்று கத்தினார். ஓடிப்போய் "அம்மா, வெளியே போய்ச் சாப்பிடுங்க, ஆறு நிமிஷம் போச்சு" என்றேன். ஜன்னல் வழியாக என் கையிலும் ஒரு பார்சலைத் திணித்துவிட்டுத்தான் வேன் கிளம்பியது. அடுத்த ட்ரிப் தாமதம், காரணப் பத்தியில் போசன் "வாகனப் பழுது" என்று எழுதிக்கொண்டார். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். மணப்பாடு அண்ணனுக்குப் பாதி.