எங்கேன்னு முதல்ல கேளு

ஜூன் 3, செவ்வாய்

வகுப்பு சத்துவாச்சாரியில், ஹைவேஸைப் பார்த்த ஒரு மாடியில். ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூமில் போன் எடுப்பது, வண்டி அனுப்புவது, இதுதான் படிப்பு. வகுப்பு எடுக்கிற சார் பல வருஷம் 108 வண்டியில் இ.எம்.டி.யாக, அதாவது வண்டியிலேயே போய் முதலுதவி செய்கிறவராக, ஓடியவர். ஃபேன் இருக்கிறது, காற்றுதான் வரவில்லை. வேலூர் ஜூன்.

"என்ன ஆச்சு"ன்னு ஆரம்பிக்காதே, "எங்க இருக்கீங்க"ன்னு கேளு என்றார். நெஞ்சுவலி என்று மட்டும் தெரிந்து லைன் கட்டானால் ஒன்றும் செய்ய முடியாது. இடம் மட்டும் தெரிந்திருந்தால் வண்டியாவது கிளம்பும். அடுத்தது, திரும்பக் கூப்பிட ஒரு நம்பர். நோயாளி கதை அதற்கப்புறம்தான்.

ஜூன் 4, புதன்

முழு நாளும் ஊர்ப் பெயர்கள். என்ன இருக்கிறது இதில் என்று நினைத்தால், இருக்கிறது. பதற்றத்தில் ஒருவர் "கணியம்பாடி" என்கிறார். லாரிச் சத்தத்தில் அது வாணியம்பாடியாகக் கேட்கிறது. ஒன்று திருவண்ணாமலை ரோட்டில் நம் பக்கத்திலேயே, இன்னொன்று ஆம்பூரையும் தாண்டி. "வாலாஜா" என்று மட்டும் சொன்னால் வாலாஜாபேட்டையா, காஞ்சிபுரம் பக்கத்து வாலாஜாபாத்தா? "அணைக்கட்டு பக்கத்துல" என்றால் ஒடுகத்தூர் போகிற வழியில் இருக்கும் ஊரா, வாலாஜாவில் பாலாற்றுக்குக் குறுக்கே நிற்கும் அணையா? 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகும் ராணிப்பேட்டைக்காரர்கள் பலர் வாய்ப்பழக்கத்தில் "வேலூர் மாவட்டம்" என்கிறார்கள்.

அதனால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். கோயில், ரேஷன் கடை, டாஸ்மாக். டாஸ்மாக்கைக் கேட்டால் யாரும் தப்பாகச் சொல்வதில்லையாம்.

ஹைவேஸ் தனிக் கதை. பள்ளிகொண்டா டோலுக்கு அந்தாண்டை ஒரு ஆக்சிடென்ட் என்றால், பெங்களூர் போகிற பக்கமா, மெட்ராஸ் வருகிற பக்கமா என்று கேட்டே ஆக வேண்டும். நடுவில் தடுப்பு. எதிர்ப்பக்கத்தில் போய் நின்ற வண்டி அடுத்த யூ டர்ன் வரை ஓடித் திரும்ப வேண்டும். விழுந்து கிடப்பவர் கண்ணெதிரே ஆம்புலன்ஸ் தாண்டிப் போகும்.

ஜூன் 6, வெள்ளி

இன்று நடிப்பு. ஆம்பூர்ப் பொண்ணு பொண்டாட்டி வேஷம். நான் ஹெட்செட்டில்.

"ஐயோ, எங்கூட்டுக்காரரு கீழ வுயுந்துட்டாருங்க!"

இடம் வாங்கியாயிற்று. பக்கத்து சீட் பையன் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான். இது வெளியே யாருக்கும் தெரிவதில்லை. "கேள்வி கேட்டுனே கீறியே, வண்டிய அனுப்பு"ன்னு திட்டுவார்கள், ஆனால் நாம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: "வண்டி கிளம்பிடுச்சும்மா, நான் லைன்லயே இருக்கேன்."

"கூப்பிட்டா முழிக்கிறாராம்மா?"

"இல்ல."

"மூச்சு?"

"கீது, கொறட்ட வுட்ற மாரி இஸ்து இஸ்து வுட்றாரு."

சார் பெஞ்சைத் தட்டினார். இது மூச்சில்லை. இதயம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அப்படி இழுக்கும். வீட்டில் இருப்பவர்கள் அதைக் கேட்டு, மூச்சு இருக்கிறது என்று காத்திருப்பார்கள். முழிப்பில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் உடனே நெஞ்சழுத்தம். மல்லாக்கப் படுக்க வை, நெஞ்சுக்கு நடுவில் உள்ளங்கை, அதன்மேல் இன்னொரு கை, முழங்கை மடங்காமல் அழுத்து. பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. நாம் போனில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று கூடவே எண்ண வேண்டும். எண்ணிப் பார்த்தேன். தொண்டை வறண்டுவிட்டது. அழுத்துகிறவருக்குக் கை என்ன ஆகும்?

அழுகிறவர்களை அடக்க "அழாதீங்க" என்பது உதவாது. ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். "அவரக் காப்பாத்த நான் சொல்றத செய்ங்கம்மா." குரலை உயர்த்தாமல், மாற்றாமல். 1970களின் கடைசியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற டாக்டர், போன் எடுப்பவர் என்ன கேட்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று அட்டைகளில் எழுதிவைத்தாராம். கேள்விகளை வரிசையாக அட்டையில் வைக்கும் வழக்கம் அங்கிருந்துதான் பரவியது.

ஜூன் 11, புதன்

பாம்புக்கடி. கயிறு கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கடிபட்ட காலை அசைக்காதே. பாடம் அவ்வளவுதான். பீஞ்சமந்தை மாதிரி மலை ஊர்களுக்குத்தான் யோசனை வேண்டும். வண்டி எதுவரை ஏறும் என்று கேட்க வேண்டும். மிச்ச தூரத்துக்கு டோலி கட்டித் தூக்கி வரச் சொல்லி, நடுவழியில் சந்திக்கும் இடத்தைப் பேசி வைக்க வேண்டும். நடக்க மட்டும் விடக் கூடாது. வண்டி வந்து நின்றால்தான் உதவி என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

பாஷை. சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே உள்ள லாட்ஜ்களில் பாதி வங்காளம், ஜார்க்கண்ட். நடுராத்திரி வங்காளியில் ஒருவர் கதறினால் என்ன செய்வாய்? "மேனேஜர், மேனேஜர்" என்று சொல்லி ரிசப்ஷனில் போனைக் கொடுக்க வைக்க வேண்டும். குடியாத்தம் பக்கத்துப் பையனுக்குத் தெலுங்கு தெரியும், ஆம்பூர்ப் பொண்ணுக்கு உருது. எனக்குத் தமிழும் பள்ளிக்கூட இங்கிலீஷும்தான். பொறாமையாக இருந்தது.

வழிப்போக்கர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "பேர் சொல்லணுமா? கேஸ்ல இழுப்பாங்களா?" 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது, உதவினவரைப் பேர் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் போனில் சட்டம் பேச நேரமில்லை. "சொல்ல வேணாம்ணே, அவர் பக்கத்துல மட்டும் நில்லுங்க" போதும்.

ஜூன் 28, சனி

பரீட்சை முடிந்தது. ஆம்பூர்ப் பொண்ணு இ.எம்.டி. படிக்கப் போகிறாள், ஆளைத் தொட்டுப் பார்த்தால்தான் அவளுக்கு வேலை மாதிரி இருக்குமாம். எனக்கு ஹெட்செட்டே போதும்.

108-க்கு வேலைக்குப் போனால் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகம்தான், தமிழ்நாடு முழுக்க வரும் போன் எல்லாம் அங்கே. கணியம்பாடி, வாணியம்பாடி என்று உருப்போட்டதெல்லாம் ஒரு மூலைக்குத்தான் ஆகும். இன்று ராத்திரி மேப்பை விரித்துத் திருவள்ளூர், திருவாரூரில் ஆரம்பித்திருக்கிறேன். திருப்பத்தூர் மட்டும் இரண்டு இருக்கிறது, ஒன்று சிவகங்கையில்.