பதினாறு மூட்டைக் காப்பிப் பழமும் என் 95 சதவீதமும்

பிளஸ் டூவில் புள்ளியியல் படித்தபோது ஒரு செயல்திட்டம் செய்யச் சொன்னார்கள். எதையாவது எண்ணி, அதன் விகிதத்தை நம்பிக்கை இடைவெளியோடு, அதாவது உண்மையான விகிதம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று மதிப்பிடும் இரண்டு எல்லைகளோடு, எழுதிக் கொடுக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் பக்கத்து வகுப்புக்குப் போய் "தட்டுவடை செட்டா, பானிபூரியா" என்று கேட்டு ஒரே மதியத்தில் முடித்துவிட்டார்கள். நான்தான் அதிபுத்திசாலித்தனமாக, அரையாண்டு விடுமுறைக்கு ஏற்காட்டில் அப்புச்சி வீட்டுக்குப் போகிறேன், அங்கே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் என்றால் அங்கே காப்பிப் பழம் பறிக்கும் நேரம். பறித்த பழத்தைத் தோலுரிக்கும் இயந்திரமான பல்பரில் போடுவதற்கு முன் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். நல்ல பழம் மூழ்கும். உள்ளே கொட்டை சரியாக விளையாதது, பூச்சி துளைத்தது, செடியிலேயே காய்ந்தது எல்லாம் மேலே வரும். அதைத் தனியாக அள்ளிவிடுவார்கள், விலையும் குறைவு. நூற்றுக்கு எத்தனை மிதக்கும் என்பதுதான் என் கேள்வி.

முதல் நாள் ஒரு மூட்டையின் வாயைத் திறந்து 50 பழம் எடுத்து வாளியில் போட்டேன். மூன்று மிதந்தன. 6 சதவீதம். சூத்திரம் கையில் இருந்தது: விகிதத்தை, ஒன்றிலிருந்து அதைக் கழித்து வருவதால் பெருக்கி, கூறின் அளவால், அதாவது எடுத்துப் பார்த்த பழங்களின் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் திட்டப்பிழை. அதை 1.96ஆல் பெருக்கி இரண்டு பக்கமும் தள்ளினால் 95 சதவீத இடைவெளி. எனக்கு வந்தது மைனஸ் 0.6 முதல் 12.6 வரை. மைனஸில் எப்படிப் பழம் மிதக்கும்? மூன்று தடவை கால்குலேட்டரைத் தட்டினேன், அதேதான் வந்தது.

அப்புறம்தான் நோட்டைப் புரட்டினேன். மிஸ் அடிக்கோடு போடச் சொன்ன வரி அது: மிதப்பதும் குறைந்தது 10 இருக்க வேண்டும், மூழ்குவதும் குறைந்தது 10 இருக்க வேண்டும். இல்லையென்றால் இயல்நிலைப் பரவல் என்கிற மணி வடிவ வளைவை நம்பி 1.96 போடுவதற்கே அர்த்தமில்லை. என்னிடம் மிதந்தவை மூன்றே மூன்று.

அதைவிடப் பெரிய கோளாறு ஒன்றை அப்புச்சி கண்டுபிடித்தார். புள்ளியியல் தெரியாது, ஆனால் நான் எடுத்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "கண்ணு, நீ செவப்பாப் பாத்துப் பாத்து எடுத்தா எப்படி மெதக்கும்?" உண்மைதான். கை தானாகவே நல்ல பழத்தைத்தான் தேடியிருக்கிறது. இப்படித் தேடாமல் எல்லாப் பழத்துக்கும் சம வாய்ப்புக் கொடுத்து எடுப்பதற்குப் பாடத்தில் சமவாய்ப்புக் கூறெடுத்தல் என்று பெயர் வைத்து அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். நானும் மனப்பாடம் செய்திருந்தேன்.

அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் பதினாறு மூட்டை கொட்டகைக்கு வந்தது. ஒவ்வொரு மூட்டையிலும் கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டு, மேலே, நடுவில், அடியில் என்று 25 பழம். மொத்தம் 400. பனி இறங்க ஆரம்பித்துவிட்டது, விரலெல்லாம் பிசுபிசுப்பு. 52 மிதந்தன. 13 சதவீதம். இடைவெளி 9.7 முதல் 16.3 வரை. பள்ளத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூட்டையில் மட்டும் 25க்கு ஒன்பது. அந்த ஒரு மூட்டையை மட்டும் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பேனோ.

"சரி, பதிமூணுனு வெச்சுக்கலாமா?" என்றார் அப்புச்சி. பத்துக்கும் பதினாறுக்கும் நடுவில் என்றேன். இன்னும் கொஞ்சம் நெருக்கிச் சொல்லக் கூடாதா என்று கேட்டார். இரண்டு பக்கமும் ஒரு சதவீதத்துக்குள் சொல்ல வேண்டுமானால் எத்தனை பழம் வேண்டும் என்று கணக்குப் போட்டேன்: 4,345. பிழையைப் பாதியாக்கவே நாலு மடங்கு பழம் வேண்டும். "அதுக்கு மொத்தத்தையும் தொட்டியில கொட்டிப் பாத்துரலாம்" என்று எழுந்து போய்விட்டார்.

விடுமுறை முடிந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து நோட்டை நீட்டினேன். மிஸ் இரண்டு இடத்தில் சிவப்பு மையால் அடித்தார். "எங்கள் தோட்டத்துப் பழங்களில்" என்று எழுதியிருந்தேன். என் முழுமைத்தொகுதி, அதாவது நான் எதைப் பற்றிச் சொல்ல முடியுமோ அந்த மொத்தம், அன்றைக்கு வந்த பதினாறு மூட்டைதான், தோட்டமில்லை. அதை உடனே ஒப்புக்கொண்டேன். இன்னொன்றுதான் தலைக்குள் ஏறவில்லை. "உண்மையான விகிதம் 9.7க்கும் 16.3க்கும் இடையில் இருக்க 95 சதவீத வாய்ப்பு உள்ளது" என்று எழுதியது தப்பாம்.

அதற்காக ஒரு பீரியட் முழுக்கச் செலவழித்தார். ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை. அதில் சரியாக 30 சதவீதத்துக்கு வெள்ளைப் பெயின்ட். நாற்பது பேரும் ஆளுக்கு 50 கொட்டை எடுத்து, எண்ணி, திரும்பப் போட்டுக் குலுக்கி, அவரவர் இடைவெளியைக் கணக்கிட்டோம். கரும்பலகையில் நாற்பது கோடுகள், நடுவில் 30இல் செங்குத்தாக ஒரு கோடு. மூன்று பேருடைய இடைவெளி அந்தக் கோட்டைத் தொடவே இல்லை. அந்த மூன்று பேரும் கணக்கில் ஒரு தப்பும் செய்யவில்லை. 30 என்பது அசையாமல் அங்கேயே நிற்கிறது, எங்கள் இடைவெளிகள்தான் அங்கும் இங்கும் போகின்றன. 95 என்பது இந்த முறை எத்தனை தடவை பிடிக்கும் என்பதற்கான எண். நெய்மன் என்ற புள்ளியியலாளர் 1937இல் இதை முறைப்படுத்தியதே அப்படித்தான் என்றார் மிஸ். என்னுடைய பதினாறு மூட்டை இடைவெளி பிடித்ததா, தவறவிட்டதா என்று அதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கொட்டை டப்பாவில் விடை தெரியும். காப்பி மூட்டையில் தெரியாது.

தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று இரவே மொத்தப் பழத்தையும் தொட்டியில் கொட்டினார்களே. மிதந்ததை அள்ளிக் கட்டியபோது இரண்டு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. பதினாறில் இரண்டு என்றால் 12.5, இடைவெளிக்குள்தான் இருக்கிறது என்று நோட்டின் கடைசி வரியாகப் பெருமையாக எழுதியிருந்தேன். மிஸ் அதைப் படித்துவிட்டு, "நீ எண்ணினது பழம். இது மூட்டை. மிதக்கிற பழமும் மூழ்குற பழமும் ஒரே அளவா?" என்றார். காய்ந்து சுருங்கியது நிறையவே இருந்தது. அந்த வரியை நானே அடித்தேன்.

ஆனால் அதற்குள் அப்புச்சி பக்கத்துத் தோட்டக்காரர்களிடமெல்லாம், பேத்தி நானூறு பழத்தைப் பார்த்தே மொத்த மூட்டைக்கும் கணக்குச் சொல்லிவிட்டாள் என்று சொல்லி முடித்திருந்தார்.