தாத்தாவின் உடல்தானம்: அட்டை இருந்தும் ஏன் அலைய வேண்டியிருந்தது

உடல்தான உறுதிமொழி அட்டையை மட்டும் நம்பி யாரும் இருந்துவிடாதீர்கள். எங்கள் தாத்தா, இறந்தபின் உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தருவதாக எப்போதோ கையெழுத்துப் போட்டு, அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தவர். அவர் இறந்த அன்று அதை யாரும் ஒரு பொருட்டாகப் பார்க்கவில்லை. கேட்டதெல்லாம் வேறு தாள்கள். நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனாலும் எத்தனை இடத்தில் தவறியிருக்கலாம் என்று நினைத்தால் இன்னும் பதறுகிறது.

அவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைக்கும் ஃபிஸ்துலா இடது கையில். எழுதுகிற கையை விட்டுவைப்பதுதான் வழக்கம். மெஷின் ஓடுகிற நாலு மணி நேரமும் அந்த வலது கை சும்மா இருந்ததில்லை. மடியில் பரீட்சை அட்டை, அதன்மேல் கார்பன் வைத்த வெள்ளைத்தாள். விதவை உதவித்தொகை, பட்டா பெயர் மாற்றம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை என்று ஊரில் யாருக்கு எது வேண்டுமோ அந்த மனுவை எழுதுவார். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளுக்கு அது போய்விட வேண்டும். நகலில் மனு எண்ணைக் குறித்து நோட்டில் ஒட்டிவைப்பார். "சீல் இல்லாத நகல் வெறும் காகிதம்" என்பார். அவர் காரியத்திலேயே அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது.

கண்தானத்தில் சிக்கலே இல்லை. 104 மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்தோம், வந்து எடுத்துப் போனார்கள். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையணையால் தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்புரை அறுவை எதுவும் தடையில்லை. கண் எடுத்த உடலை வாங்க மாட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், அது தவறு. கருவிழி எடுத்த பிறகும் முழு உடலைக் கல்லூரியின் உடற்கூறியல் துறை வாங்கிக்கொள்ளும்.

முதல் சிக்கல் இறப்புக்கான மருத்துவச் சான்று. வீட்டில் இறந்தவரை, உறுதி செய்துகொள்வதற்காக என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிப் போகாதீர்கள். உயிர் இருக்கிறதோ என்று துளி ஐயம் இருந்தாலும் 108ஐத்தான் அழைக்க வேண்டும், அது வேறு. ஐயமில்லாத இடத்தில் தூக்கிப் போனால், 'இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டார்' என்று பதிவார்கள், போலீசுக்குத் தகவல் போகும், பிரேதப் பரிசோதனை வரை போகலாம். பரிசோதனை செய்த உடலைக் கல்லூரி வாங்காது. எங்கள் வீட்டு வாசலில் வண்டியே வந்து நின்றுவிட்டது, திருப்பி அனுப்பினோம்.

வீட்டில் நடந்த இறப்புக்கு இந்தச் சான்றை 4ஏ படிவத்தில் வாங்க வேண்டும். கடைசி நோய்க்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அதைத் தர வேண்டும், கட்டணம் வாங்கக் கூடாது என்று 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே சொல்கிறது. டயாலிசிஸ் நடந்த இடத்தில் 'இங்கே இறக்கவில்லையே' என்று கைவிரித்தார்கள். சட்டத்தை எடுத்துச் சொன்ன பிறகுதான் படிவம் வெளியே வந்தது. அதிலும் முதலில் 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதித் தந்தார்கள். இறந்த விதத்தை எழுதாதே, நோயை எழுது என்று படிவத்திலேயே குறிப்பு இருக்கிறது. உடனடிக் காரணம், அதற்கு அடிப்படையான நாள்பட்ட சிறுநீரக நோய், அதற்கும் அடியில் சர்க்கரை நோய் என்று வரிசையாக வந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள்.

டயாலிசிஸ் நோயாளி வீட்டார் கட்டாயம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி தொற்று இருந்தால் உடலை ஏற்க மாட்டார்கள். ரத்தம் வெளியே போய் வருகிற சிகிச்சை என்பதால், டயாலிசிஸ் என்றதுமே கல்லூரியில் சந்தேகம் வந்துவிடுகிறது. ஆனால் இந்தச் சோதனைகளை டயாலிசிஸ் மையங்கள் அவ்வப்போது செய்தபடிதான் இருக்கின்றன. முடிவு கோப்பிலேயே கிடக்கும். கடைசி அறிக்கையின் நகலை ஆதாரோடு சேர்த்து வையுங்கள். எங்களைக் காப்பாற்றியது அந்த ஒற்றைத் தாள்தான். கிருமி ரத்தத்தில் பரவி இறந்திருந்தால் மட்டும் கண்ணும் உடலும் இரண்டுமே கடினம்.

கல்லூரியில் அலுவலக நேரம் முடிந்திருந்தது. எழுத்தர் 'காலையில் வாங்க' என்று போனை வைத்துவிட்டார். துறை மூடியிருந்தால் மருத்துவமனையின் பணி மருத்துவ அலுவலரைக் கேளுங்கள். இரவு பிணவறையில் வைத்து, காலையில் துறைக்கு மாற்ற வழி உண்டு. இறக்கும் முன்பே இந்த நடைமுறையைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது, கல்லூரிக்குக் கல்லூரி மாறும். வாரிசுகளின் சம்மதக் கடிதம், அவர்களுடைய ஆதார் நகல், இரண்டு சாட்சிகள், இறந்தவரின் புகைப்படம் எங்களிடம் கேட்டார்கள். தாத்தா உயிரோடு கையெழுத்திட்டது போதாதா என்றால், போதாது. ஒரு பிள்ளை மறுத்தாலும் அங்கே தகராறில் தலையிட மாட்டார்கள், உடலை வாங்காமல் விட்டுவிடுவார்கள். வெளியூரில் இருக்கும் மகனின் சம்மதத்தை முன்பே எழுதி வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

'கொள்ளி வைக்காமல் எப்படி' என்று உறவில் எழும் கேள்விக்கும் பதில் தயாராக இருக்கட்டும். குளிப்பாட்டி, கோடி போட்டு, வாய்க்கரிசி வரை வீட்டிலேயே செய்யலாம், யாரும் தடுப்பதில்லை. சாம்பல் மட்டும் திரும்பி வராது. கருமாதிக்குத் தடையில்லை. அரசு மரியாதை உண்டா என்றும் கேட்டார்கள். 2023இல் தமிழக அரசு அறிவித்தது உடலுறுப்பு தானம் செய்தவர்களுக்கு. முழு உடல்தானம் வேறு, அது உடற்கூறியல் சட்டத்தின் கீழ் வருவது.

கடைசி அலைச்சல் இறப்புப் பதிவில். 21 நாளுக்குள் பதிந்தால் தாமதக் கட்டணம் இல்லை. ஆனால் பதிவு செய்யும் இடத்தில் மயான ரசீது கேட்டார்கள். எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை, ரசீதுக்கு எங்கே போவது? உடலைப் பெற்றுக்கொண்டதாகக் கல்லூரி தரும் கடிதம்தான் அதற்கு ஈடு. கையெழுத்தும் துறை முத்திரையும் போட்டு இரண்டு பிரதியாகக் கேட்டு வாங்குங்கள். பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எங்கள் கடிதத்தில் முத்திரை விழவில்லை. அதற்காகவே திரும்பப் போக வேண்டியதாயிற்று.

அவர் நோட்டில் பதில் வராத மனுக்கள் இன்னும் இருக்கின்றன. எண்ணும் தேதியும் தெளிவாக இருப்பதால் உரியவர்களிடமே பிரித்துக் கொடுத்துவருகிறோம். பட்டா மனு ஒன்றுக்கு நில அளவைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.