சிபைண்ட் பெயரைப் பார்ப்பதில்லை: 50 மாநிலங்களை ஒட்டிய அனுபவம்

ஆர் என்னும் புள்ளியியல் கணினி மொழியுடன் வரும் அமெரிக்க மாநிலத் தரவுகளை ஒரே அட்டவணையாக்கும் வேலை நேற்றிரவு ஒருவழியாகத் தேறியது. மூன்று மாலைகளை விழுங்கிய இடம் ஒன்றுதான்.

ஸ்டேட்.எக்ஸ்77 என்பது 50 நிரைகளும் 8 நிரல்களும் கொண்ட அணி. அதனோடு மாநிலங்களின் ஈரெழுத்துச் சுருக்கங்களைத் தரும் ஸ்டேட்.ஏபிபி வெக்டரை (ஒற்றை வரிசைத் தரவை), நிரல்களைப் பக்கவாட்டில் சேர்க்கும் சிபைண்ட் கட்டளையால் ஒட்டியவுடன் எண்கள் அனைத்தும் எழுத்துகளாக மாறி மேற்கோள் குறிகளுக்குள் போய்விட்டன. அணி ஒரே வகைத் தரவைத்தான் தாங்கும் என்பதால் இது எதிர்பார்த்ததே. வகைப் பெயர்களை எண் குறியீடுகளாகச் சேமிக்கும் ஃபேக்டரான ஸ்டேட்.ரீஜனை ஒட்டியபோது வட்டாரப் பெயர்கள் மறைந்து 1 முதல் 4 வரையிலான குறியீட்டு எண்கள் மட்டும் நின்றன. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அணியை முதலில், நிரலுக்கு நிரல் வெவ்வேறு வகைத் தரவை ஏற்கும் டேட்டா ஃப்ரேமாக மாற்றிக்கொண்டதும் இரண்டும் சரியாயின.

உண்மையான சிக்கல் அதன் பிறகே. 1973ஆம் ஆண்டின் கைது விகிதங்களைக் கொண்ட யூஎஸ்அரெஸ்ட்ஸ் அட்டவணையைக் கொலைக் கைதுகளின் இறங்குவரிசையில் அடுக்கி, அதே பெயரில் சேமித்திருந்தேன். அதை சிபைண்டால் ஒட்டியபோது அலபாமாவுக்கு நேரே ஜார்ஜியாவின் 17.4 வந்து நின்றது. அலபாமாவின் உண்மையான மதிப்பு 13.2. மாநில அணியில் 1976ஆம் ஆண்டின் கொலை விகிதமும் இருப்பதால் இரண்டையும் வரைபடத்தில் இட்டுப் பார்த்தேன். புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்ததைக் கண்ட பின்பே ஐயம் எழுந்தது. இரு பக்கமும் நிரைப் பெயர்கள் தெளிவாக இருந்தும் சிபைண்ட் அவற்றை ஒப்பிடுவதில்லை. முதல் அட்டவணையின் பெயர்களை வைத்துக்கொண்டு மற்றதை இருக்கும் வரிசையிலேயே ஒட்டிவிடுகிறது. நிரைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டும் ஆர்பைண்டோ, டேட்டா ஃப்ரேம்களைச் சேர்க்கும்போது நிரல்களைப் பெயர் பார்த்தே பொருத்துகிறது; பெயர்கள் ஒத்துவராவிட்டால் பிழை காட்டி நின்றுவிடுகிறது. அதில் பழகிய கை சிபைண்டையும் அப்படியே நம்பிவிட்டது. இணையாகவே கற்பிக்கப்படும் இரு கட்டளைகள் இந்த இடத்தில் வேறுபடுவது நல்ல வடிவமைப்பு என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.

பொதுவான மதிப்புகளை ஒப்பிட்டு அட்டவணைகளை இணைக்கும் மெர்ஜ் கட்டளையில் நிரைப் பெயர்களைக் கொண்டு இணைக்கச் சொன்னதும் 50 மாநிலங்களும் தத்தம் இடத்தில் அமர்ந்தன. அலபாமாவுக்கு எதிரே 15.1, 13.2 என்ற இரு எண்களையும் பார்த்தபோது பெரும் நிறைவு. ஆனால் நிரைப் பெயர்கள் ஒரு தனி நிரலாக மாறிவிட்டன. 'மர்டர்' என்ற நிரல் இரு பக்கமும் இருந்ததால் எக்ஸ், ஒய் என்ற பின்னொட்டுகளும் சேர்ந்துகொண்டன. அவற்றுக்கு ஆண்டைச் சேர்த்துப் பெயரிடும் வேலை மீதமிருக்கிறது.

அதை முடிக்கும் முன்பே மனம் ஸ்டேட்.சென்டருக்குப் போய்விட்டது. மாநிலங்களின் மைய ஆயத்தொலைவுகள் அதில் உள்ளன. அலாஸ்காவும் ஹவாயும் மட்டும் வரைபட வசதிக்காக மேற்குக் கரைக்குச் சற்று அப்பால் வைக்கப்பட்டுள்ளன. அதற்கு நிரைப் பெயர்களே இல்லாததால் மெர்ஜ் உதவாது. ஆகவே வரிசை குலையாத மூல அணியோடு அதை முதலில் ஒட்டிவிட்டு, அதன் பிறகே கைது அட்டவணையை இணைக்கும்படி கட்டளைத் தொகுப்பை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.