சீயக்காய்க்கு மாறிய நாட்கள்

ஜூன் 2

ஷாம்பூ பாட்டிலை இன்று அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டேன். மூன்று மாதமாக, தலைக்குக் குளித்த அன்று மாலையே உச்சியில் அரிப்பு தொடங்கிவிடுகிறது. தோல் மருத்துவரிடம் காட்டினேன். பேனும் இல்லை, பொடுகும் இல்லை, தோல் வறண்டு எரிச்சல் கண்டிருக்கிறது என்றார். வாசனை சேர்த்த பொருட்களைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கச் சொன்னார்.

எனக்கு இடுப்பு வரை முடி. அதை எதைக் கொண்டு அலசினாலும் சரி, என்ன நடந்தது என்று இங்கே எழுதி வைக்கப் போகிறேன். ஒரு தடவைக்கு ஒரு பொருள் மட்டும். இரண்டைக் கலந்தால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும்.

ஜூன் 4

முதல் முயற்சியே தப்பு. தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றினேன். எண்ணெய்ப் பிசுக்கு போனது உண்மை. காய்ந்ததும் முடி நார் நாராக நின்றது. ஒரு இழையை விரல் நகத்தால் உருவினால், நுனியிலிருந்து வேரை நோக்கிப் போகும்போது அரத்தில் உரசுவதுபோல் இருந்தது.

காரணத்தைப் பிறகுதான் படித்தேன். ஒரு பொருள் அமிலமா காரமா என்று காட்டும் எண்தான் பிஎச்; எண் கூடக் கூடக் காரம் கூடும். தலைத்தோலின் பிஎச் அளவு சுமார் 5.5. சோடா கரைசல் 8-க்கும் மேல். பிஎச் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் 10 மடங்கு வித்தியாசம், ஆகவே இது சின்ன விலகல் இல்லை. முடியின் மேல்பரப்பு ஓட்டுக்கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. காரம் பட்டால் முடி ஊதும், செதில்கள் தூக்கிக்கொள்ளும், பக்கத்து முடியோடு சிக்கும். முடி உயிரில்லாத பொருள் என்பதால் சேதமான பகுதி தானாக ஆறாது. வளர்ந்து, வெட்டி எறிந்தால்தான் தீரும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்ச்சி, இடுப்பு வரை முடி! கணக்குப் போட்டதும் சோடாவைச் சமையலறைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 8

பூந்திக்கொட்டை. இந்த அனுபவத்தை விரிவாக எழுத ஆசை.

கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் கருப்பு விதையை எறிந்துவிட வேண்டும். வேலை செய்வது மேல்தோல்தான். ஏழெட்டுத் தோல்களை இரவு ஊறவைத்தேன். காலையில் அவை பிசுபிசுவென்று, பேரீச்சம்பழத் தோல்போல் இருந்தன. அந்த நீரிலேயே கால் மணி நேரம் சிறு தீயில் வைத்தேன். கொதி வந்ததும் நுரை விளிம்பு வரை ஏறியது, இரண்டு தடவை அடுப்பைக் குறைக்க வேண்டியிருந்தது. ஆறவைத்துப் பிசைந்து, துணியில் வடிகட்டினால் தேன் நிற நீர். வாசனை கொஞ்சம் புளிப்பாக இருக்கும்.

இதன் தாவரப் பெயரான சாபிண்டஸ் என்பதற்கே 'இந்திய சோப்பு' என்றுதான் பொருள். அதிலிருக்கும் சாபோனின் என்ற பொருளின் ஒரு பக்கம் எண்ணெயைப் பிடிக்கும், மறு பக்கம் நீரைப் பிடிக்கும். நீரை ஊற்றும்போது எண்ணெயும் கூடவே இறங்கிப் போகிறது. ஷாம்பூவில் இருக்கும் நுரைப்பொருளும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கண்ணில் ஒரு சொட்டு பட்டுவிட்டது. நெருப்பு! கால் மணி நேரம் கழுவிய பிறகும் சிவப்பு போகவில்லை. குழந்தைகளுக்கு இதை ஊற்றவே கூடாது என்பேன். இன்னொன்று, சாபோனின் மீன்களுக்கு நஞ்சு. இயற்கைப் பொருள்தானே என்று வடிநீரைக் குளத்திலோ ஓடையிலோ விடக் கூடாது.

ஜூன் 12

மிச்சம் வைத்த பூந்திக்கொட்டை நீர் நான்கே நாளில் கெட்டு, வாடை வந்துவிட்டது. பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லையே, வேறென்ன ஆகும்? இனி ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுவேன். அதிகமானால் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைக்கலாம்.

ஜூன் 15

சீயக்காய்ப் பொடியைக் குழைத்து அப்பினேன். அரை மணி நேரம் அலசியும் முடியை விட்டு இறங்கவில்லை. சீப்பில் வாரினால் பல்லுக்குப் பல் பழுப்புத் துகள், தோளெல்லாம் தூள். அம்மாவுக்கு போன் செய்தேன்.

"பொடியை அப்படியேவா போட்ட? காயைக் காய்ச்சி வடிகட்டித்தான் ஊத்தணும். நான் எத்தனை தடவை வடிகட்டுவேன், நீ பாத்ததே இல்லையாடி?"

பார்த்திருக்கிறேன். கவனித்ததில்லை.

ஜூன் 22

அம்மா சொன்னபடி முழுக் காய்கள். எட்டுக் காய்களை உடைத்து, விதையைத் தட்டிவிட்டு, இரவு ஊறவைத்து, காலையில் இருபது நிமிடம் காய்ச்சி, இரண்டு தடவை வடிகட்டினேன். பிஎச் தாளை நனைத்துப் பார்த்தேன், 5-க்குப் பக்கத்தில் காட்டியது. தலைத்தோலோடு ஒத்துப்போகும் அளவு.

நுரை மிகக் குறைவு. பழக்கதோஷத்தில் இன்னும் இன்னும் ஊற்றத் தோன்றியது. நுரைக்கும் சுத்தத்துக்கும் பெரிய தொடர்பில்லை என்பதைக் கை ஏற்றுக்கொள்ள நேரம் எடுக்கிறது. காய்ந்த பிறகு முடி பளுவாக விழுந்தது, சிக்கு பாதிதான். அன்று மாலை அரிப்பு இல்லை.

ஜூலை 1

ஷாம்பூவை விட்டால் முதலில் சில வாரம் தலை எண்ணெய் வழியும், பிறகு சுரப்பிகள் 'பழகி' எண்ணெயைக் குறைத்துக்கொள்ளும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. எண்ணெய்ச் சுரப்பிகளை நடத்துவது ஹார்மோன்கள். மேலே எதை ஊற்றுகிறோம் என்று அவை பார்ப்பதில்லை. எனக்கும் இரண்டாவது வாரம் பிசுக்கு இருந்தது. காரணம் எளிது, கஷாயம் மேல்முடியில் வழிந்து ஓடிவிட்டது, தோலைத் தொடவே இல்லை. இப்போது வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தேய்க்கிறேன். நகம் படாமல்.

ஜூலை 9

அரப்பு (உசிலை இலைப் பொடி) நன்றாக இருந்தது, வறட்சி குறைவு. செம்பருத்தி இலையின் வழவழப்பு சிக்கெடுக்க உதவும், அழுக்கை எடுப்பதில் சுமார்தான். வெந்தயமும் அப்படியே. பயத்தமாவு எண்ணெயை உறிஞ்சும், ஆனால் நீண்ட முடியிலிருந்து அலசி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். குட்டை முடிக்காரர்களுக்குச் சரி.

ஜூலை 13

அக்கா மகள் கேட்டாள்: "சித்தி, எனக்குப் பொடுகு உதிர்ந்துக்கிட்டே இருக்கு. நானும் ஷாம்பூவை விட்டுட்டு சீயக்காய்க்கு மாறிடவா?"

வேண்டாம் என்றேன். பொடுகில் மலசீசியா என்ற ஈஸ்ட்டுக்கு (ஒரு வகைப் பூஞ்சை) பங்கு உண்டு. தலைத்தோல் எண்ணெய்தான் அதற்கு உணவு. கீட்டோகோனசோல் போன்ற மருந்து சேர்த்த ஷாம்பூவால் அது அடங்கும். முதலில் மருத்துவரைப் பார், தலை ஆறிய பிறகு சீயக்காயைப் பற்றிப் பேசலாம் என்று சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. சுருங்கட்டும், செதில் செதிலாக உதிரும் தலையில் என் ஆசையைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

ஜூலை 27

ஒரு கவனக்குறிப்பு. சீயக்காய் பெயரைத் தாங்கி வரும் திரவங்கள் பலவற்றில் வழக்கமான ஷாம்பூவின் நுரைப்பொருளும் வாசனையும்தான் முக்கால்வாசி வேலையைச் செய்கின்றன. பின்புறம் உள்ள பட்டியலைப் படியுங்கள். அசல் காயோ பொடியோ ஆனாலும், முதல் நாள் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். செடியிலிருந்து வந்தாலும் ஒவ்வாமை வரத்தான் செய்யும்.

ஆகஸ்ட் 3

மனசு உறுத்தியது. அரிப்பு போனது சீயக்காயாலா, வாசனையை நிறுத்தியதாலா? வாசனை சேர்க்காத ஷாம்பூ ஒன்றை வாங்கி அதில் மட்டும் தலைக்குக் குளித்தேன்.

ஆகஸ்ட் 10

இரண்டாவது தடவையும் அதே ஷாம்பூ. அரிப்பு இல்லை. அப்படியானால் என் தலைக்கு ஆகாதது பெரும்பாலும் அந்த வாசனைதான். ஷாம்பூ முழுவதையும் குற்றம் சொல்ல எனக்கு இனி வழியில்லை.

ஆனாலும் முடி விழும் விதம், சிக்கு குறைவது, வடிகட்டும்போது எழும் அந்தப் புளிப்பு வாசனை, இதெல்லாம் எனக்குப் பிடித்துவிட்டது. அவசர நாளுக்கு வாசனையில்லாத பாட்டில், மற்ற நாளுக்கு சீயக்காய். அக்கா மகளுக்கு மருந்து ஷாம்பூவில் உதிர்வது குறைந்திருக்கிறதாம். அடுத்த மாதம் வந்து காய் உடைக்கக் கற்றுக்கொள்கிறேன் என்றாள்.